பாட்டைக் கண்டுபிடிக்கும் போட்டியில் காதுக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஆடி, ஆவணியில் வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வந்து சேர்ந்ததும் பழைய மாணவர் ஒன்றுகூடல்களும் சனசமூக நிலைய விழாக்களும் களைகட்டத் தொடங்கிவிடும். அவற்றில் 1980களின் ஆங்கில பொப், ரொக் பாடல்களை ஒலிக்கவிட்டு, 'இது என்ன பாட்டு, யார் பாடியது?' என்று கேட்கும் விளையாட்டுக்கு இப்போது நல்ல வரவேற்பு. ஊரிலேயே இருந்து கசற்றில் கேட்டவரும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழ்ந்து கேட்டவரும், யூரியூப்பில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் ஒரே மேசையில் தலையோடு தலை முட்டி விடை தேடுவது அருமையான காட்சி. ஆனால் இப்படிப்பட்ட நிகழ்வுகள் பல, பாதியிலேயே வாக்குவாதத்தில் முடிகின்றன. அல்லது முதற் சுற்றோடு சனம் தேநீர் குடிக்க எழுந்துவிடுகிறது. விளையாட வந்தவர்களின் அறிவில் குறையில்லை. கேள்வி தயாரிப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை எழுதி வைத்தவர் இல்லை. அதனால் இந்தக் கடிதம் சற்று நீளமாகவே வருகிறது. பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறோம்.

பாட்டை வைத்து விளையாடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' எத்தனை வீடுகளைக் கட்டிப்போட்டது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த விளையாட்டு எழுத்தைப் பிடித்துச் சொல்லைத் தேடுவது. இங்கே பேசப்படுவது வேறு வகை. சொல் வரும் முன்பே ஒலியைப் பிடித்துப் பாட்டைத் தேடுவது. அதனால் பாட்டின் எந்தப் பகுதியை வெட்டி ஒலிக்கவிடுகிறோம் என்பதிலேதான் கேள்வி இருக்கிறது. பல்லவியை ஒலிக்கவிட்டுத் தலைப்பைக் கேட்டால், பாடுபவரே தலைப்பை நாலு தரம் சொல்லிவிடுவார். அது கேள்வியே ஆகாது. பாட்டைக் கேட்க விடாமல் தரவரிசையில் எத்தனையாம் இடம், இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனம் எது என்று வாயால் கேட்டால் அது பொது அறிவுப் பரீட்சை. இரண்டிலும் காதுக்கு வேலையில்லை.

இந்த விளையாட்டுக்கு எண்பதுகளைப் போலப் பொருத்தமான பத்தாண்டு வேறில்லை. காரணம், அந்த ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் கருவிகள் அடுத்தடுத்து மாறின. ஒவ்வொன்றும் பாட்டில் தன் குரலை விட்டுச் சென்றது. 1980இல் வெளிவந்த, பாடகர் பீற்றர் கேப்ரியலின் மூன்றாவது பாடல் தொகுப்பு லண்டனின் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானபோது, பில் கொலின்ஸ் ட்ரம் வாசிக்க, ஒலிப்பொறியாளர் ஹியூ பட்கம் ஒரு புதிய ஒலியைப் பிடித்தார். ட்ரம்மின் எதிரொலி பெரிதாக எழும்பும். ஆனால் மெல்ல அடங்காமல், கதவை அறைந்து சாத்தியது போல ஒரேயடியாக நின்றுவிடும். அடுத்த ஆண்டு பில் கொலின்ஸின் 'இன் தி எயர் டுநைட்' பாட்டில் ஏறக்குறைய 3 நிமிடம் 40 செக்கனில் வரும் ட்ரம் உருட்டு அந்த ஒலியை உலகெங்கும் கொண்டுபோனது. இந்த வகை ஒலி கேட்டால், பாட்டு 1980க்கு முந்தியது அல்ல என்று அணிகள் துணிந்து ஊகிக்கலாம்.

அதே 1980இல் ரோஜர் லின்னின் எல்எம்-1 ட்ரம் இயந்திரமும் ரோலண்ட் நிறுவனத்தின் ரிஆர்-808 இயந்திரமும் வந்தன. முன்னையதில் உண்மையான ட்ரம் ஒலிகள் பதிந்து வைக்கப்பட்டிருந்தன. பின்னையது ஒலியை மின்சுற்றிலேயே உண்டாக்கியது. அதனால்தான் 808இன் கைதட்டல் கைதட்டல் போலவே இராது. 1983இல் யமஹா டிஎக்ஸ் 7 என்ற சிந்தசைசர், அதாவது ஒலியை மின்னணு முறையில் உண்டாக்கும் கீபோட், வந்தது. மணிச்சத்தம் கலந்த அதன் மின்பியானோ ஒலி 1984க்குப் பிறகு வந்த காதற் பாடல்கள் பலவற்றின் தொடக்கத்தில் கேட்கும். வான் ஹேலன் குழுவின் 'ஜம்ப்' பாட்டைத் திறக்கும் தடித்த சிந்தசைசர் ஒலி ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ கருவியுடையது. பிரின்ஸின் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டில் பேஸ் வரிசையே, அதாவது அடியில் ஓடும் தாழ்சுருதி இழையே, கிடையாது. 1984இல் நடன மேடைகளுக்குப் போன ஒரு பாட்டுக்கு இது துணிச்சலான முடிவு. காது கூர்மையானவர்கள் அந்த வெற்றிடத்தாலேயே பாட்டை அடையாளம் காண்பார்கள். இப்படிப்பட்ட சங்கதிகளைத் தெரிந்து கேள்வி வைத்தால், பாட்டைத் தெரியாதவரும் 'இது 84, 85 ஆக இருக்க வேண்டும்' என்று காரணத்தோடு ஊகிக்கலாம்.

இனி வெட்டும் முறை. மைக்கல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' இதற்கு நல்ல பாடம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 117 தட்டு. முதல் எட்டுத் தட்டும் தனி ட்ரம். அது 4 செக்கன். அதன் பிறகே பேஸ் நுழையும். ஆகவே 4 செக்கனோடு வெட்டினால் அது கடைசிச் சுற்றுக்குரிய கடினமான கேள்வி. 8 செக்கன் வரை விட்டால் மண்டபத்தில் பாதிப்பேர் பேனையைத் தூக்கிவிடுவார்கள். சங்கீதம் படித்தவர்களுக்கு அந்தப் பேஸ் வரிசையைச் சுரத்தில் சொன்னால்: ச, கீழே ப, நி, மீண்டும் ச, நி, ப, ம, ப. இதில் நிஷாதம் கைசிகி, மத்திமம் சுத்தம். எட்டே சுரம்தான், ஆனால் வேறெந்தப் பாட்டோடும் குழப்ப முடியாது. ஒரே பாட்டின் கடினத்தை வெட்டும் இடத்தைக் கொண்டே கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதைப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவதே இல்லை. எல்லாப் பாட்டையும் சொல்லிவைத்தாற்போல் 15 செக்கனில் வெட்டிவிடுகிறார்கள்.

எல்லாத் தொடக்கங்களும் கேள்விக்கு உதவா. மெல்ல மெல்ல எழும்பி வரும் தொடக்கங்களைத் தவிருங்கள். யூ2 குழுவின் 'வேர் த ஸ்ட்ரீற்ஸ் ஹாவ் நோ நேம்' நல்ல பாட்டுத்தான். ஆனால் முதல் பத்துச் செக்கனில் ஓர்கன் ஒலி மங்கலாக எழும்புவதைத் தவிர ஒன்றும் நடக்காது. மின்விசிறி சுழலும் மண்டபத்தில் அது எவர் காதிலும் விழாது. டயர் ஸ்ட்ரெயிற்ஸின் 'மணி ஃபோர் நத்திங்' இன்னொரு வகைச் சிக்கல். தொடக்கத்தில் கேட்கும் உச்சக் குரல் அந்தக் குழுவின் பாடகர் மார்க் நொப்ளருடையது அல்ல. போலிஸ் குழுவின் ஸ்ரிங் பாடியது. மெட்டும் போலிஸின் பழைய பாட்டொன்றிலிருந்து வந்தது. அந்தத் துண்டைக் கேட்டுப் 'போலிஸ்' என்று எழுதியவரின் காதில் பிழையில்லை. இதைப் பாட்டுக் கேள்வியாக வைக்காமல், 'இந்தக் குரல் யாருடையது?' என்று தனியே கேட்டால் அழகான கேள்வியாகும்.

எந்தப் பதிப்பிலிருந்து வெட்டுகிறோம் என்பதும் பெரிய விஷயம். நோர்வேயின் ஆ-ஹா குழு 'டேக் ஒன் மீ' பாட்டை முதலில் 1984இல் வெளியிட்டது, எடுபடவில்லை. வேறொரு தயாரிப்பாளரைக் கொண்டு மீண்டும் பதிந்து 1985இல் வெளியிட்டதே எல்லோரும் அறிந்தது. பழைய பதிப்பு கையில் அகப்பட்டு அதை ஒலிக்கவிட்டால், பாட்டை உயிராய் நேசிப்பவர்தான் முதலில் தடுமாறுவார். இதைவிடத் தொல்லை, இணையத்தில் நிறைந்து கிடக்கும் மறுபதிவுகள். எண்பதுகளின் பாடகர்கள் பலர் பிற்காலத்தில் தம் பழைய பாடல்களைப் புதிதாகப் பாடிப் பதிந்திருக்கிறார்கள். மலிவான திரட்டுகளில் பெரும்பாலும் அவையே இருக்கும். பெயரும் அதே, பாடகரும் அதே. ட்ரம் ஒலி மட்டும் இந்தக் காலத்தது. அந்த ஒலியை வைத்தே ஆண்டை ஊகிக்கச் சொல்லிவிட்டு இப்படியொரு பதிப்பைப் போடுவது அநியாயம். நடனத்துக்கென்று நீட்டப்பட்ட 12 அங்குல இசைத்தட்டுப் பதிப்புகளின் தொடக்கமும் வேறாகவே இருக்கும். நியூ ஓடரின் 1983ஆம் ஆண்டு 'புளூ மண்டே' இதற்கு விலக்கு. அது முதலில் வந்ததே 12 அங்குலத் தட்டாகத்தான். காணொளிகளிலிருந்து ஒலியை உருவ வேண்டாம். பேச்சு, காலடிச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் சேர்ந்தே வரும். வீட்டுப் பழைய கசற்றிலிருந்து பதிந்தெடுப்பவர்கள், ரேப் வேகம் கூடினால் சுருதியும் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அரைச் சுரம் ஏறிய பாட்டு காதுக்கு வேறு பாட்டாகவே படும்.

வாக்குவாதங்களில் பெரும்பகுதி ஆண்டைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை ஆங்கிலப் பாடல்களைக் கேட்டது, விரும்பிய பாட்டுகளைத் தெரிவுசெய்து ஒலிப்பதிவுக் கடைகளில் பதிந்துகொண்ட கசற்றுகளில். அவற்றில் எழுபதுகளும் எண்பதுகளும் கலந்தே கிடந்தன. அதனால் போனி எம் குழுவின் 'ரஸ்புட்டின்', 'ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்' இரண்டையும் எண்பதுகளின் பாடல் என்று பலர் சத்தியமே செய்வார்கள். இரண்டும் 1978. அபா குழுவின் 'டான்ஸிங் குயின்' 1976. ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா' 1976 டிசம்பரில் வந்த தொகுப்பில் இருக்கிறது. தனித்தட்டாக, அதாவது அந்தப் பாட்டுக்கென்றே தனியாக விற்கும் இசைத்தட்டாக, வந்தது 1977. மறுபக்கத்தில், ஸ்கோர்பியன்ஸின் 'விண்ட் ஒஃப் சேஞ்ச்' 1990இன் தொகுப்பில் வந்து 1991இல் தனித்தட்டானது. பாட்டுக் காணொளிகளுக்கான அமெரிக்கத் தொலைக்காட்சி எம்ரிவி 1981 ஆகஸ்ட் முதலாம் திகதி தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பிய பாட்டு பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்'. ஆனால் பாட்டு வெளிவந்தது 1979இல். எண்பதுகளின் அடையாளமாகச் சொல்லப்படும் பாட்டே எண்பதுகளைச் சேர்ந்ததல்ல. இந்தப் பாடல்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 'எண்பதுகளா, இல்லையா?' என்று ஒரு தனிச் சுற்று வைத்து இவற்றை அங்கே இறக்குங்கள். வயதில் மூத்தவர்களும் இளையவர்களும் சமமாக இடறும் சுற்று அது ஒன்றுதான்.

ஆண்டைக் கேட்பதென்றால், எந்த ஆண்டு என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். தொகுப்பு வந்த ஆண்டா, தனித்தட்டு வந்த ஆண்டா, அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஆண்டா? 'பில்லி ஜீன்' இருக்கும் தொகுப்பு 1982 நவம்பரில் வந்தது. தனித்தட்டு 1983 ஜனவரியில். கன்ஸ் அன்ட் ரோசஸின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' தொகுப்பில் 1987, தனித்தட்டில் 1988. மென் அட் வேர்க் குழுவின் 'டவுன் அண்டர்' அவுஸ்திரேலியாவில் 1981இல் வெளிவந்து, அமெரிக்காவில் 1983இல் உச்சிக்குப் போனது. 'எந்த நாட்டிலாயினும் முதன்முதல் தனித்தட்டாக வெளிவந்த ஆண்டு. ஓராண்டு முன்பின் போனாலும் புள்ளி உண்டு' என்ற விதி போதும். இணையச் செயலிகளில் பாட்டுக்கு அருகே தெரியும் ஆண்டை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது திரட்டோ மெருகேற்றிய மறுபதிப்போ வெளிவந்த ஆண்டாக இருக்கும். இசைத்தட்டு உறையில் வட்டத்துக்குள் 'பி' எழுத்திட்டு அச்சிடப்படும் ஆண்டுதான் அந்த ஒலிப்பதிவு வெளியானதைக் குறிக்கும். அதுவும் மூல வெளியீட்டின் உறையாக இருக்க வேண்டும்.

பெயர்களிலும் சில பொறிகள் உண்டு. 'த பவர் ஒஃப் லவ்' என்ற பெயரில் 1984, 1985 இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று வெவ்வேறு பாடல்கள் வந்தன: ஃபிராங்கி கோஸ் டு ஹொலிவூட், ஜெனிபர் ரஷ், ஹியூய் லூயிஸ் அன்ட் த நியூஸ். எனவே பாடகர் பெயரைக் கேட்காமல் தலைப்புக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் எவரும் ஒன்றையும் நிரூபித்ததாகாது. 'கெயார்லெஸ் விஸ்பர்' பிரித்தானியாவில் ஜோர்ஜ் மைக்கலின் பெயரிலும் அமெரிக்காவில் வாம் குழுவின் பெயரையும் சேர்த்தும் வந்தது; இரண்டு விடையையும் ஏற்க வேண்டும். 'அண்டர் பிரஷர்' என்றால் குயின், டேவிட் போவி இரு பெயரும் வேண்டும், ஒன்றுக்கு அரைப்புள்ளி. எழுத்துப்பிழைக்குப் புள்ளி வெட்டுவது கூடாது. தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் யாரைச் சொல்கிறார் என்று தெரிந்தால் சரி.

அந்த 'அண்டர் பிரஷர்' பாட்டிலேயே தலைமுறைச் சண்டை ஒன்றும் மறைந்திருக்கிறது. ஜோன் டீக்கன் வாசிக்கும் பேஸ் வரிசை ஒரே சுரத்தை ஆறு தரம் தட்டி, ஏழாவதாகக் கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கும். 1990இல் வனிலா ஐஸ் தன் 'ஐஸ் ஐஸ் பேபி' பாட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டார். முதல் 5 செக்கனை மட்டும் ஒலிக்கவிட்டால் இளையவர்கள் பின்னதை எழுதுவார்கள்; நடுவர் திணறுவார். பியானோவும் கைதட்டும் சேரும் இடம் வரை நீட்டி வெட்டினால் ஐயம் தீரும். போலிஸின் 1983ஆம் ஆண்டு 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டின் கிற்றார் வரிசைக்கும் இதே கதைதான். 1997இல் பஃப் டடி அதன்மேல் புதுப்பாட்டு கட்டினார். இப்படியான பாடல்களுக்கு 'இதே இசையைப் பின்னால் பயன்படுத்திய பாட்டு எது?' என்று மேலதிகப் புள்ளி வைத்தால், மூத்தவர் ஒன்றையும் பேத்தி மற்றதையும் சொல்லி அணிக்கு இரண்டும் கிடைக்கும். பின்னோக்கியும் கேட்கலாம். சொஃப்ற் செல்லின் 'டெயின்ரட் லவ்' பாட்டை அறுபதுகளில் முதலில் பாடியவர் குளோரியா ஜோன்ஸ். பனனராமா 1986இல் பாடிய 'வீனஸ்' 1969இன் ஷொக்கிங் புளூ குழுவுடையது. ஜோன் ஜெற் புகழாக்கிய 'ஐ லவ் ரொக் அன்ட் ரோல்' 1975இல் அரோஸ் என்ற குழுவினுடையது.

கருவி விஷயத்தைச் சிலர் சவுண்ட்காரரின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல கேள்வித்தாள்கள் பல கெட்டது அங்கேதான். துண்டுகளை வெட்ட ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள் போதும். வெட்டிய துண்டின் கடைசி அரைச் செக்கனை மெல்ல அடங்க விடுங்கள். எண்பதுகளில் அச்சிட்ட குறுந்தட்டுகளின் ஒலி தாழ்ந்தும் பிற்கால மறுபதிப்புகளின் ஒலி உயர்ந்தும் இருப்பதால், எல்லாத் துண்டுகளையும் அதே மென்பொருளில் ஒரே ஒலிமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவு மண்டபத்துக்குப் பொருந்தும். இல்லாவிட்டால் சவுண்ட்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார்; முதல் இரண்டு செக்கன் அதிலேயே போய்விடும். கோப்புக்குப் பாட்டின் பெயரை வைக்காதீர்கள். 1-01, 1-02 என்று எண் மட்டும். கோப்புக்குள் பதிந்திருக்கும் பெயர், தொகுப்பு, அட்டைப்பட விவரங்களையும் அழித்துவிடுங்கள். இல்லையேல் மண்டபத் திரையில் லப்ரொப் இணைந்திருக்கையில் விடை கொட்டை எழுத்தில் தெரிந்து சுற்றே பாழாகும்.

புளூரூத் ஸ்பீக்கர் இந்த வேலைக்கு ஆகாது. ஒலி இல்லாத இடைவெளியில் அது உறங்கிவிடும். அடுத்த துண்டு தொடங்கும்போது முதல் அரைச் செக்கனை விழுங்கும். நாலு செக்கன் கேள்வியில் அரைச் செக்கன் போனால் என்ன மிஞ்சும்? வயரால் இணையுங்கள். வேறு வழியே இல்லையென்றால், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் இரண்டு செக்கன் மெல்லிய 'பீப்' ஒலி சேர்த்துவிடுங்கள். ஸ்பீக்கரும் விழிக்கும், சனமும் காதைத் தீட்டிக்கொள்ளும்.

வயரிலும் ஒரு வினை இருக்கிறது. இதைத் தெரிந்தவர் குறைவு. லப்ரொப்பிலிருந்து வரும் ஸ்டீரியோ வயரின் பெரிய ஜக்கை மிக்சரின் ஒற்றை வாசலில் அப்படியே குத்தினால், அந்த வாசல் சமநிலை ('பலன்ஸ்ட்') வகையாக இருக்கும் பட்சத்தில் இடது, வலது ஒலிகளுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே வெளியே வரும். நடுவில் பதியப்பட்ட குரல், பேஸ், அடி ட்ரம் மூன்றும் ஏறக்குறைய மறைந்துவிடும். மண்டபம் முழுக்கச் சத்தம் கேட்கும். ஆனால் பாட்டு இருக்காது. 'பில்லி ஜீன்' கேள்வி இப்படி ஒலித்தால் அதில் கேள்வியே இல்லை. இரண்டு ஒற்றை ஜக்காகப் பிரியும் வயரை வாங்கி, மிக்சரின் இரண்டு வாசல்களில் தனித்தனியே குத்த வேண்டும். லப்ரொப் சார்ஜரில் இருக்கையில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றி பற்றறியில் ஓடவிடுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். சனம் வருவதற்கு அரைமணி முன்பே கடைசி வரிசைக் கதிரையில் இருந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கீழ்ச்சுருதி இரைந்தால் அதைக் குறைத்து, ஸ்பீக்கரைத் தலை உயரத்துக்கு ஏற்றினால் தெளிவு வரும்.

நேரக் கணக்கு எளிது. பத்துச் செக்கன் துண்டு, பத்துச் செக்கன் இடைவெளி, மீண்டும் அதே துண்டு, பிறகு எழுத அரை நிமிடம். ஒரு பாட்டுக்கு ஒரு நிமிடம். பத்துப் பாட்டு ஒரு சுற்று. விடைத்தாளைப் பக்கத்து மேசைக்கு மாற்றித் திருத்த ஐந்து நிமிடம். நாலு சுற்று ஒரு மணித்தியாலத்தில் முடியும். அதற்குமேல் இழுக்க வேண்டாம். அணிக்கு நாலு முதல் ஆறு பேர். தலைப்புக்கு ஒன்று, பாடியவருக்கு ஒன்று, ஒரு சுற்றில் மட்டும், வெளிவந்த ஆண்டைச் சொன்னால் மேலதிகமாக ஒன்று. மணியடித்து முந்திச் சொல்லும் முறையைவிட எழுதும் முறை நல்லது. மணி என்று வந்தால் ஒவ்வொரு அணியிலும் ஒருவர் மட்டுமே விளையாடுவார். மற்றவர்கள் பார்வையாளர் ஆவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு பாட்டு எல்லோருக்கும் பிடிபடுவதாக இருக்கட்டும். போட்டியில் சேராத இரண்டு பேருக்கு முன்கூட்டியே முழுவதையும் போட்டுக் காட்டுங்கள். இருவருமே திணறும் பாட்டைக் கழித்துவிடலாம். தயாரித்தவருக்கு அது எவ்வளவு பிடித்திருந்தாலும்.

பாட்டைக் கேட்டவுடன் பெயர் சொல்லும் ஷசாம் போன்ற செயலிகள் இன்று எல்லோர் கையிலும் உண்டு. கைபேசிகளைக் கூடையில் போடச் சொல்வது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, ஒரு சுற்றை நேரடியாக வாசித்துக் காட்டுவது. அந்தச் செயலிகள் ஒலிப்பதிவைத்தான் அடையாளம் காணும். மேடையில் ஒருவர் கீபோட்டிலோ வயலினிலோ வாசித்தால் அவை பெரும்பாலும் கைவிரித்துவிடும். மனிதக் காது கைவிரிக்காது. மருதனார்மடத்தில் இசை பயிலும் மாணவர்கள் இருக்கும் ஊரில் இதற்கு ஆளுக்குப் பஞ்சமா? வயலினுக்கு யூரோப் குழுவின் 'த ஃபைனல் கவுண்ட்டவுன்', ஆ-ஹாவின் 'டேக் ஒன் மீ', 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' கிற்றார் வரிசை ஆகியவை நன்றாகப் பொருந்தும். மூன்றும் தனி இழையாக ஓடும் மெட்டுகள். 'ஜம்ப்' பொருந்தாது. அதன் தொடக்கம் பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் கோர்வைகளால் ஆனது, கீபோட்டில்தான் எடுபடும். வாசிப்பவர் முதலில் கமகம் இல்லாமல் நேர்ச் சுரமாக வாசிக்க வேண்டும். இரண்டாம் முறை கமகத்தோடு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தெரிந்த பாட்டே முகம் மாறி நிற்கும். இந்தச் சுற்றுக்குக் கிடைக்கும் கைதட்டு மற்ற மூன்று சுற்றுக்கும் சேர்ந்தும் கிடைக்காது.

காணொளிக் கேள்விகளை ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். வானொலியிலும் கசற்றிலும் பாட்டுக் கேட்டவர்கள் அந்தப் படங்களைப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் இருந்தவர்கள். அவர்களுக்கு அது நியாயமில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் கட்டாயம் இருக்கலாம். டுரான் டுரான் குழு 1982இல் இலங்கைக்கு வந்து, இயக்குநர் ரசல் மல்கேயோடு 'ஹங்ரி லைக் த வுல்ஃப்', 'சேவ் எ பிரேயர்' பாடல்களின் காணொளிகளைப் படமாக்கியது. சிகிரியா உச்சியில் குழுவினர் நிற்பது எந்தப் பாட்டில் என்று கேட்டால் பலர் முன்னதைச் சொல்வார்கள். விடை 'சேவ் எ பிரேயர்'. மேலே சொன்ன பகிள்ஸ் காணொளியை இயக்கியவரும் இதே மல்கேதான்.

இரண்டு அணிகள் சமப்பட்டால் இன்னொரு பாட்டைத் தேடி ஓட வேண்டாம். முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த யூ2 பாட்டை இப்போது எடுங்கள். 'பாடகரின் குரல் எத்தனையாவது செக்கனில் வரும்?' என்று இரு அணிகளையும் எழுதச் சொல்லிவிட்டு, நிறுத்தற் கடிகாரத்தோடு தொடக்கத்திலிருந்து ஓடவிடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் மண்டபமே மூச்சைப் பிடித்துக் கேட்கும். கிட்ட எழுதிய அணி வென்றது. நடுவரோடு வாதாட இடமே இல்லை.

முடிந்த பிறகு கேள்விப் பட்டியலைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே எத்தனை அணிகள் சரியாக எழுதின, எந்தச் செக்கனில் வெட்டப்பட்டது, எந்தப் பதிப்பு என்று குறித்து, அடுத்த ஆண்டு நடத்தப்போகிறவர்களிடம் கொடுங்கள். எல்லோரும் சரியாக எழுதிய பாட்டை அவர்கள் இரண்டு செக்கன் குறைத்து வெட்டலாம். ஒருவரும் எழுதாததை நாலு செக்கன் நீட்டலாம். சங்கங்களும் நிலையங்களும் இப்பட்டியல்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ள முன்வந்தால், தங்கள் பத்திரிகையின் வார இதழில் மாதம் ஒரு பட்டியலை வெளியிட்டு உதவ வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இசை ஆர்வலர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.